பத்து மணிக்குக் கேட்கும் காது

பள்ளிபாளையத்தில், தறிப்பட்டறைகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும் மேட்டுத்தெருவில், செங்கோட்டுவேலுவின் கடைக் கணினிக்குள் ஹெட்போனின் முனை உடைந்து மாட்டிக்கொண்ட அதே வெள்ளிக்கிழமைதான், எதிர்ப்பட்டறையில் தார்க்குச்சியில் நூல் சுற்றும் சம்பூரணத்துக்கு ஒன்பது வருடம் கழித்துக் காது கேட்டது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று கண்டுபிடிக்க அந்தத் தெருவுக்கு அரை நாள் பிடித்தது. அதை ஏற்றுக்கொள்ள ஒரு டீ குடிக்கும் நேரம்தான் பிடித்தது.

அந்தத் தெருவைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அங்கே விடிந்தால் தறி, இருட்டினால் தறி, கல்யாணமானாலும் கருமாதியானாலும் தறி. இரண்டு பக்கமும் ஓடுகிற முந்நூறு தறிகளின் சத்தத்தில் பிறந்து, அந்தச் சத்தத்திலேயே தவழ்ந்து, அந்தச் சத்தத்திலேயே பெண் பார்த்துக் கட்டிக்கொண்ட ஜனங்களுக்குக் குரலை எடுத்துப் பேசுவது வீண்வேலை என்று எப்போதோ புரிந்துபோய், வாயை மட்டும் அசைத்துப் பேசப் பழகிவிட்டார்கள். தெருவுக்கு இந்தப் பக்கம் நிற்பவள் அந்தப் பக்கம் நிற்பவளிடம் சாம்பாருக்கு என்ன காய் என்று சத்தமில்லாமல் கேட்பாள், அவளும் சத்தமில்லாமல் சுரைக்காய் என்பாள். சண்டையும் அப்படித்தான். முற்றிப்போனால் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொள்வாள், பார்க்காதவளை எப்படித் திட்டுவது என்று மற்றவளும் உள்ளே போய்விடுவாள். வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வருகிற பெண்கள் முதல் மாதம் அழுவார்கள், இரண்டாம் மாதம் உதட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டு, மூன்றாம் மாதம் புறணி பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

இத்தனைக்கும் விலையாக அந்தத் தெரு காதைக் கொடுத்தது. சிலருக்கு ஐம்பதில் போகும், சிலருக்கு நாற்பதில். பதினாலு வயதில் தறிக்கு வந்த சம்பூரணத்துக்கு முப்பத்தொன்பதில் இரண்டு காதும் சுத்தமாக அடைத்துக்கொண்டன. நரம்பு போய்விட்டது, இனி மிஷின் வைத்தாலும் கேட்காது என்றார் டாக்டர். தறி ஓட்டுபவளுக்கு நூல் அறுகிற சத்தமாவது கேட்க வேண்டும் என்பதால், பட்டறைக்காரர் அவளைத் தறியிலிருந்து எடுத்து, வாசலோரமாக உட்கார்ந்து தார்க்குச்சிகளில் நூல் சுற்றும் வேலையில் போட்டார். அந்த வாசலுக்கு நேர் எதிரேதான் செங்கோட்டுவேலுவின் கடை.

கடை என்றால் ஒரு ஜெராக்ஸ் மிஷின், தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நிற்கும் ஒரு கணினி, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான். கையில் படம் காட்டுகிற போன் எல்லோருக்கும் வந்துவிடாத காலம் அது. இருந்த சின்ன போன்களையும் காதில் வைத்து அந்தத் தெருவில் எவரும் எதையும் கேட்டுவிட முடியாது. அதனால் சூரத்துக்கும் பிவண்டிக்கும் தறி ஓட்டப் போன ஆம்பிளைகள் தங்கள் குரலைப் பதிந்து மெயிலில் அனுப்புவார்கள். வீட்டுப் பெண்கள் கடைக்கு வந்து, காதை முழுசாக மூடுகிற பஞ்சு வைத்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்தக் குரலைக் கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டோ பல்லைக் கடித்துக்கொண்டோ எழுந்து போவார்கள். செங்கோட்டுவேலு அந்த நேரத்தில் மட்டும் ஜெராக்ஸ் மிஷினைத் துடைப்பான். அவனுக்கு அப்போது முப்பத்திநாலு வயது, நாசூக்கு தெரிந்தவன்.

அந்த வெள்ளிக்கிழமை, அப்படிக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்து, ஹெட்போன் தலையில் இருக்கிறது என்பது மறந்து எழுந்து ஓடினாள். கணினியின் முன்பக்கத் துளையில் சொருகியிருந்த பின் வளைந்து, அரிசி அளவு முனை உடைந்து உள்ளேயே நின்றுவிட்டது. பின்பக்கத் துளையோ ஐப்பசி இடியிலேயே செத்துப்போயிருந்தது. முனை உள்ளே இருப்பதால் ஹெட்போன் மாட்டியிருக்கிறது என்று கணினி நம்பியது, நம்பியதால் ஸ்பீக்கரின் வாயை அடைத்துவிட்டது. செங்கோட்டுவேலு செட்டிங்கை மாற்றினான், துளையில் ஊதினான், பல்குத்தும் குச்சியால் நெம்பினான், ஈரோட்டுக்குப் போய் வேறு துளையில் சொருகுகிற ஒரு துண்டை வாங்கிவந்து மாட்டினான். எனக்குத்தான் ஒரு காது இருக்கிறதே, அதற்குத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறேன் என்று கணினி சொல்வதுபோல, திரையில் சத்தத்தின் பச்சைக் கோடுகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தனவே ஒழிய, கடையில் ஒரு முணுமுணுப்பும் இல்லை. சோதிப்பதற்காக ஒரு பாட்டையே காலையிலிருந்து திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தான்.

மத்தியானம் மூன்று மணிக்குச் சம்பூரணம் தெருவைக் கடந்து வந்தாள்.

"கண்ணு, அந்தப் பாட்டைச் சித்த கம்மி பண்ணு. காத்தால இருந்து காதுக்குள்ளயே பாடிக்கிட்டு இருக்குது. வேல ஓடமாட்டேங்குது."

செங்கோட்டுவேலு சத்தத்தைக் குறைத்தான்.

"ஆங், இப்ப செரி," என்று திரும்பி நடந்தவள் தெருவின் நடுவே போனதும் நின்றாள். நூல் மூட்டை ஏற்றிய டெம்போ ஒன்று அவள் முதுகுக்குப் பின்னால் வந்து ஹாரனை அமுக்கியது. அது அவளுக்குக் கேட்கவில்லை. டிரைவர் சலித்துக்கொண்டு ஒதுக்கி ஓட்டிப் போனான். அவள் அப்படியே நடுத்தெருவில் குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, ஒன்பது வருட அழுகையையும் அழுது முடித்தாள். காதைப் பொத்தினாலும் பாட்டு நிற்கவில்லை என்று பிற்பாடு சொன்னாள்.

டெம்போவின் ஹாரன் கேட்காது, தறி கேட்காது, தன் குரலே தனக்குக் கேட்காது, ஆனால் அந்தக் கணினி போடுகிற எதுவும் எங்கிருந்தாலும் கேட்கும். ஆற்றுக்குக் குளிக்கப் போனாலும் கேட்கும், சோற்றைப் பிசையும்போதும் கேட்கும். செங்கோட்டுவேலுவின் கடைக்குப் பக்கத்து டீக்கடை ராக்கியண்ணன்தான் தெருவின் சார்பில் தீர்ப்புச் சொன்னார். "கம்பி இல்லாம பேசறாங்கன்னா ஒத்துக்கறீங்கல்ல. கம்பி இல்லாம கேட்டா மட்டும் என்னவாம்?" என்று வாயசைத்துவிட்டு அடுத்த டீயை ஆற்றப் போய்விட்டார். அதற்கு மேல் யாரும் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. மாரியம்மன் செயல் என்று ஒரு தரப்பு சொன்னது, அம்மனுக்கு வேறு வேலை இல்லையா என்று இன்னொரு தரப்பு சொன்னது, பேச்சு சீக்கிரமே நூல் விலைக்குப் போய்விட்டது.

புதுக் கணினி வாங்கச் செங்கோட்டுவேலுவிடம் வசதி இல்லை. குரல் கேட்க வருகிற ஜனங்களைத் திருப்பி அனுப்பவும் மனம் இல்லை. ஆக ஒரு வழக்கம் உண்டானது. காலை பத்து மணிக்குச் சம்பூரணம் வந்து கடை வாசலில் முக்காலி போட்டுத் தெருவைப் பார்த்து உட்காருவாள். செங்கோட்டுவேலு கையைத் தூக்கிவிட்டுக் குரலைப் போடுவான். அவள் வலது காதைத் தொட்டு, "கேக்குது" என்று உதட்டால் சொல்வாள். பிறகு, காதுக்குள் வருவதை வருகிறபடியே வாயசைப்பாள், எதிரில் உட்கார்ந்திருக்கிற சொந்தக்காரி அதைப் படித்துக்கொள்வாள். பஞ்சு ஹெட்போனில் கேட்டதைவிட இது தெளிவாக இருப்பதாகப் பெண்கள் சொன்னார்கள். அசலூர்க்காரன் எவனாவது அந்த நேரத்தில் தெருவில் நடந்தால், ஒருத்தி சத்தமில்லாமல் வாயை அசைப்பதையும் அதைப் பார்த்து இன்னொருத்தி தேம்புவதையும் கண்டு, பயந்துபோய் நடையை எட்டிப் போடுவான். பத்து மணிக்கு முன்னும் பன்னிரண்டு மணிக்குப் பின்னும் அந்தக் கணினியில் எதையும் போடக்கூடாது என்று தெருவே சேர்ந்து ஒரு கட்டுப்பாடு வைத்தது. சாப்பிடுகிறவள் காதில் யாரும் கத்தக்கூடாது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம்.

அவள் ஒன்றை மட்டும் தன் இஷ்டத்துக்குச் செய்தாள். ஒருநாள் பிவண்டியிலிருந்து ஒருவன் தன் தாய்க்குக் குரல் அனுப்பியிருந்தான். குரலில் சொன்னதையே மெயிலில் கீழே நாலு வரி தட்டச்சும் செய்திருந்தான். இனிமேல் என்னைத் தொந்தரவு பண்ணாதே, நான் வரப்போவதில்லை, எனக்கு இங்கே குடும்பம் ஆகிவிட்டது. செங்கோட்டுவேலு அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்க, சம்பூரணமோ அந்தக் கிழவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, வேலை நெம்ப ஜாஸ்தி, அடுத்த பொங்கலுக்கு வரப் பார்க்கிறேன், மாத்திரையை மறக்காமல் போடு என்று நிதானமாக வாயசைத்தாள். கிழவி சிரித்துக்கொண்டே எழுந்து போனாள்.

"ஏனுங்க்கா இப்படிப் பண்ணீங்க?" என்று அவன் கேட்டான்.

"அந்தப் பேச்சு எங்காதோட போவட்டும் கண்ணு. அவளுக்கு எதுக்கு அது?"

அவன் அடுத்த மெயிலைத் திறந்தான். அன்றைக்கு அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

தெரு அவளுக்குச் சம்பளம் எதுவும் தரவில்லை, சத்தங்களைக் கொண்டுவந்து தந்தது. யார் யாரிடமோ போனைக் கடன் வாங்கி, சேவல் கூவுவதைப் பதிந்து வந்தார்கள், தோசைக்கல்லில் மாவு ஊற்றும் சத்தத்தைப் பதிந்து வந்தார்கள், தகரக் கொட்டகை மேல் மழை பெய்ததைப் பதிந்து வந்தார்கள். ராக்கியண்ணன் தன் குறட்டையையே கொண்டுவந்தார், பதிந்து அனுப்பியது அவருடைய சம்சாரம் என்று பிறகு தெரிந்தது. சம்பூரணம் எல்லாவற்றையும் கேட்டாள். மழையை மட்டும் மூன்று தடவை போடச் சொன்னாள்.

ஆனால் அவள் காத்திருந்தது ஒரே ஒரு குரலுக்குத்தான். அவளுடைய ஒரே மகள் ஜமுனா, சூரத்தில் மில் மெக்கானிக் ஒருவனைக் கட்டிக்கொண்டு போனவள். காது போனபோது மகளுக்குப் பதிமூன்று வயது. அதனால் மகள் பெரிய மனுஷியானதும் கல்யாணம் கட்டியதும் எல்லாம் சம்பூரணத்தின் கண்ணில்தான் நடந்தன, காதில் அவள் இன்னும் பதிமூன்று வயதுக் குழந்தையாகவே இருந்தாள். மகளின் இருபத்திரண்டு வயதுக் குரல் முதன்முதலாக வந்த அன்று, இது யார் என்று கேட்டாள் சம்பூரணம். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். வாரா வாரம் வந்த மகளின் குரலை மட்டும் அவள் யாருக்கும் வாயசைத்துச் சொன்னதில்லை, கண்ணை மூடிக்கொண்டு தனக்கே வைத்துக்கொள்வாள்.

ஜமுனா மாசமாக இருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வருவதுதான் முறை. ஆனால் ரயிலேறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், சம்பூரணத்துக்கும் பாஷை தெரியாத ஊரில் செவிடாகப் போய் நிற்கத் தைரியம் இல்லை. மகள் சொன்ன ஒரு வார்த்தையைத்தான் அவள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். "கொழந்த பொறந்ததும் மொத அழுவையப் புடிச்சு உனக்குத்தான் அனுப்புவேன்னு சொல்லிருக்கறா. மத்தவிங்களுக்கெல்லாம் போட்டோ. எனக்கு அழுவ."

அப்போதுதான் ஆடி வந்தது.

ஈரோட்டு ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், ஆடித் தள்ளுபடிக்கு ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிப் போடுகிற அறிவிப்பைச் செங்கோட்டுவேலுவிடம் செய்யச் சொன்னார். நாற்பது நொடி. அவன் பதிந்து, வெட்டி ஒட்டி, சம்பூரணத்தைக் கேட்கச் சொன்னான். நெம்ப நல்லா இருக்குது என்றாள் அவள். ஒன்பது வருடம் எதையும் கேட்காதவளுக்கு எந்தச் சத்தம்தான் நன்றாக இருக்காது? ஜவுளிக்கடைக்காரர் போட்டுக் கேட்டால் பின்னால் பூராவும் இரைச்சல், என்னப்பா அடுப்புல எண்ணெய் காய வச்சுக்கிட்டுப் பேசுனியா என்று நாலு பேர் முன்னால் கேட்டார். செங்கோட்டுவேலுவுக்கு முகம் சுண்டிப்போனது. கட்டுப்பாட்டையெல்லாம் காற்றில் விட்டு, திரையில் ஏறி இறங்கும் கோடுகளை மட்டும் பார்த்து, காலையிலிருந்து ராத்திரிவரை இரண்டு நாள் அந்த நாற்பது நொடியையே போட்டான், நிறுத்தினான், வெட்டினான், மறுபடி போட்டான். பட்டுக்குப் பாதி விலை, பட்டுக்குப் பாதி விலை என்று சம்பூரணத்தின் மண்டைக்குள் இரண்டு நாளும் ஒருவன் கத்திக்கொண்டேயிருந்தான்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அவள் வந்தாள். கண் சிவந்திருந்தது, சுற்றிய தாரெல்லாம் சிக்கலாகிப் பட்டறைக்காரரிடம் ஏச்சு வாங்கியிருந்தாள்.

"இதுக்கு நான் செவுடாவே இருந்திருக்கலாம் கண்ணு. எடுத்துப்போட்டுரு அந்தக் கருமத்த."

சொல்லிவிட்டுப் போனவள் அடுத்த நாள் காலையில் வழக்கம்போல வாசலோரம் உட்கார்ந்து தார் சுற்ற ஆரம்பித்திருந்தாள். செங்கோட்டுவேலு ஒரு காலி ரீபிள் முனையில் துளி பசையைத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதைக் கணினியின் துளைக்குள் விட்டு உள்ளே இருந்த முனையோடு ஒட்டவைத்து, நூறு எண்ணும்வரை அசையாமல் பிடித்திருந்தான். அவள் பாவம், அவளுக்காகத்தான் செய்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். அது பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. நாலு பேர் முன்னால் பட்ட அவமானம்தான் அந்த ரீபிளைப் பிடித்திருந்தது. அவள் இருபதடி தூரத்தில், நிமிர்ந்தால் உதட்டைப் படித்துவிடுகிற தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையைத் தட்டி, எடுக்கட்டுமாக்கா என்று வாயசைத்திருந்தால் போதும். சுரைக்காயா கத்தரிக்காயா என்பதைக்கூடத் தெருவைத் தாண்டிக் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஊரில், அந்த ஒரு கேள்வியை அவன் கேட்கவில்லை.

நூறு எண்ணியதும் இழுத்தான், முனை வந்துவிட்டது. ஸ்பீக்கர் வாயைத் திறந்து, தறிச் சத்தத்தையும் மீறி, பட்டுக்குப் பாதி விலை என்று தெருவையே கூப்பிட்டது. பத்து நிமிஷம் அவனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், வந்தவர் போனவருக்கெல்லாம் இரைச்சல் இல்லாத அறிவிப்பைப் போட்டுக் காட்டினான்.

எதிரில் சம்பூரணம், எல்லா முகமும் கடைப்பக்கம் திரும்புவதைப் பார்த்தாள். வலது காதைத் தொட்டாள். இடது காதைத் தொட்டாள். பிறகு தார் சுற்றினாள்.

சாயங்காலம் வந்து, "கடைல கரண்டு இல்லியா கண்ணு? இன்னைக்குச் சத்தமே வரலியே," என்றாள்.

அவன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். பொன்னிறத்தில் அரிசி அளவு கிடந்ததை அவள் இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இத்துனூண்டா?" என்றாள்.

"நீங்கதானுங்க்கா எடுக்கச் சொன்னீங்க."

"ஆமா. சொன்னேன்," என்றவள், அதை அவன் உள்ளங்கையிலேயே திரும்ப வைத்து, கீழே விழுந்துவிடாதபடி அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டுப் போனாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவன் அன்று சாப்பிட்டிருப்பான்.

பதினோரு நாள் கழித்து ஜமுனாவின் மெயில் வந்தது. அவன் அதைத் திறந்த நேரத்தில் தெருவில் கரண்டு போனது. முந்நூறு தறியும் ஒரே மூச்சில் நின்றன. பேட்டரியில் கணினி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தறியில்லாத மேட்டுத்தெருவில் ஒரு ஊசி விழுந்தாலும் கேட்கும். அந்த அமைதியில், ஐம்பத்திரண்டு நொடி, ஒரு பெண்குழந்தை வீறிட்டு அழுத அழுகை ஸ்பீக்கர் வழியாகத் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போனது. பட்டறைகளிலிருந்து எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். நூல் படிந்த தலைகளோடு நின்று கேட்டார்கள். காது மந்தமானவர்கள்கூடக் கேட்டார்கள். அந்தத் தெருவில் அதைக் கேட்காத ஒரே ஜீவன், தார்மிஷின் நின்றுபோனதால் என்ன என்று எழுந்து வந்து, எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த சம்பூரணம்தான்.

யாரும் எதுவும் சொல்லாமலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "பொறந்துருச்சா?" என்றாள்.

அப்போது ராக்கியண்ணன், மீசை நரைத்த மனுஷன், தெருவில் இறங்கி அவள் எதிரே வந்து, கண்ணை இறுக்கி மூடி, வாயை ஆன மட்டும் திறந்து, உதட்டைக் கோணி, சத்தமில்லாமல் அழுது காட்டினார். செங்கோட்டுவேலு இன்னொரு தடவை போட, கேட்கிற காதெல்லாம் கேட்டு, கேட்டபடியே வாயசைத்தார்கள். மூச்சு இழுக்கிற இடத்தில் எல்லோரும் மூச்சை இழுத்தார்கள், விக்கல் வருகிற இடத்தில் எல்லோரும் விக்கினார்கள். இத்தனை நாள் அவர்களுக்கு அவள் செய்ததை அவளுக்கு அவர்கள் செய்தார்கள். நாற்பது ஐம்பது பேர் பச்சைப்பிள்ளைபோல வாயைத் திறந்துகொண்டு நிற்க, சம்பூரணம் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

"இத்தாம்பெரிய வாயா எம்பேத்திக்கு?" என்று சிரித்தாள். சிரித்த முகத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

கடைசியாக அவள் செங்கோட்டுவேலுவின் முன்னால் வந்து நின்றாள். அவனுக்கு மட்டும் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் செய்யாதது இல்லை. அந்த முனையை அதே துளைக்குள் தள்ளினான், ஸ்பீக்கர் அடைத்துக்கொண்டது, அவள் காது திறக்கவில்லை. புதிதாக ஹெட்போன்கள் வாங்கிவந்து ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தான். அந்த வெள்ளிக்கிழமை ஹெட்போனோடு எழுந்து ஓடிய பெண்ணையே கூப்பிட்டு, வீட்டு அடுப்பில் நிஜமாகவே பாலை வைக்கச் சொல்லி, மறுபடி ஓடச் சொன்னான். பால் பொங்கி வழிந்ததுதான் மிச்சம். பழைய முனையை உள்ளேயே விட்டுவிட்டு, தினமும் பத்து மணிக்குக் கையைத் தூக்கி, அந்த அழுகையைப் போட்டு, எதிரில் பார்த்தான். அவள் தலையை ஆட்டி இல்லை என்பாள். ஸ்பீக்கரும் ஊமை, சொல்வதற்கும் ஆள் இல்லை என்றானதால் குரல் கேட்க வருபவர்கள் அடுத்த தெருவுக்குப் போனார்கள். அவன் இளைத்தான். நாற்பதாம் நாள் டீக்கடையில் நின்று ராக்கியண்ணனிடம், "இனி இந்தத் தெருவுல எனக்கு மூஞ்சி இல்லீங்ணா. கடைய மூடிட்டு எங்கியாச்சும் போயர்றேன்," என்று வாயசைத்தான்.

நாற்பத்தொன்றாம் நாள் பத்து மணிக்கு அவன் கையைத் தூக்கியபோது, எதிரில் சம்பூரணம் தார் சுற்றுவதை நிறுத்தினாள். வலது காதைத் தொட்டாள்.

"கேக்குது."

அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினான். "பேச்செல்லாம் வராதாட்ட இருக்குது கண்ணு," என்றாள் அவள். "இந்த அழுவ மட்டுந்தான், எங்கியோ கெணத்துக்குள்ள இருந்து வர்றாப்பல. இது போதும் எனக்கு." அன்று ராக்கியண்ணன் யாரிடமும் டீக்குக் காசு வாங்கவில்லை. செங்கோட்டுவேலு வயிறு நிறையச் சாப்பிட்டான். கடனை வாங்கி ஒரு புதுக் கணினி போட்டான், பஞ்சு ஹெட்போன் மாட்டினான், பெண்கள் திரும்பி வந்தார்கள். பழைய கணினியைத் தெருவுக்கு முதுகைக் காட்டியபடி அதே இடத்திலேயே வைத்து, தினமும் பத்து மணிக்கு அந்த ஐம்பத்திரண்டு நொடிக்கு மட்டும் ஓட்டினான். அவன் கையைத் தூக்குவான், அவள் காதைத் தொடுவாள். செய்த பாவம் தீர்ந்தது என்றே நம்பினான். ஏழு மாதம் அப்படிப் போனது.

சித்திரை மாதத்தில் ஒரு நாள் அந்தப் பழைய கணினி எழுந்திருக்கவில்லை. பொத்தானை அமுக்கினான், விளக்கு வரவில்லை, விசிறி சுற்றவில்லை. உள்ளே ஏதோ தீய்ந்த வாசனை மட்டும் வந்தது. மணி பத்து. அவளிடம் போய் இன்றைக்கு இல்லை என்று சொல்ல எழ நினைத்தவன், பழக்கத்தில் கை தூக்கிவிட்டிருந்தான்.

எதிரில் சம்பூரணம் நிமிர்ந்தாள். வலது காதைத் தொட்டாள். தலையைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணை மூடி, கேட்டாள். முகமெல்லாம் மலர்ந்தது.

"கேக்குது கண்ணு," என்று வாயசைத்தாள். "இன்னைக்கு நெம்பத் தெளிவா."

செங்கோட்டுவேலு இருண்ட திரையைப் பார்த்தான். பிவண்டிக்காரனின் தாய் சிரித்துக்கொண்டே எழுந்து போனது அவனுக்கு ஞாபகம் வந்தது. டீக்கடையில் நின்று கடையை மூடப்போவதாக அவன் வாயசைத்தபோது, எதிரே தார் சுற்றிக்கொண்டிருந்தவள் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதும் ஞாபகம் வந்தது.

"செரிங்க்கா," என்று அவனும் வாயசைத்தான்.

அந்தக் கணினியை அவன் பழுது பார்க்கவில்லை, தூக்கிப் போடவும் இல்லை. இன்றைக்கும் பத்து மணியானால் அவன் செத்த கணினியின் முன்னால் உட்கார்ந்து கையைத் தூக்குகிறான், தெருவுக்கு அந்தப் பக்கம் அவள் காதைத் தொடுகிறாள். ஐம்பத்திரண்டு நொடி முடிந்ததும் இருவரும் கையை இறக்கிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள்.